கொழும்பில் மக்களோடு சேர்ந்து செய்யும் கலைக்கு ஒரு நிதியம்: எப்படி நடத்துவது?

வெள்ளவத்தைப் பெடியன்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று பேர். ஒருவர் கட்புலக்கலை படித்தவர், ஒருவர் வங்கியில் வேலை, நான் டியூசன் கொடுக்கிறேன். கனடாவில் இருக்கும் என் சித்தப்பாவும் அவருடைய நண்பர்கள் சிலரும் சேர்ந்து வருடா வருடம் ஒரு தொகை தரத் தயாராக இருக்கிறார்கள். இதுவரை கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தார்கள், இனிக் கலைக்கும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கலரியில் தொங்கும் படங்களுக்குக் கொடுப்பது எங்கள் எண்ணம் இல்லை. மாடிவீட்டுத் தொகுதிகளிலும் முடுக்குகளிலும் அங்கே இருக்கிற சனத்தோடு சேர்ந்து நாடகம் போடுகிறவர்கள், சுவரில் வரைகிறவர்கள், இடிக்கப்பட்ட தெருக்களின் கதையைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குக் கைகொடுக்கிற மாதிரி ஒரு நிதியம் தொடங்க ஆசை. எப்படிப் பதிவு செய்வது? யாருக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவெடுப்பது? காசு வீண்போகவில்லை என்று சித்தப்பாவுக்கு எதைக் காட்டுவது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, பதிவு விசயத்தை நான் சொல்கிறேன். பொதுவாக மூன்று வழி இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி ஒன்று தொடங்கலாம். அதில் பங்கு கிடையாது, மிஞ்சுகிற காசை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. 34ஆம் பிரிவின்படி அனுமதி எடுத்தால் பெயருக்குப் பின்னால் ‘லிமிட்டெட்’ என்று போடவும் தேவையில்லை. கலையை வளர்ப்பது அந்தப் பிரிவிலேயே சொல்லப்பட்டிருக்கும் நோக்கங்களில் ஒன்று. இரண்டாவது வழி, 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு டிரஸ்ட் எழுதுவது. மூன்றாவது, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதிவது. இது அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தின் ஊடாகப் போகும், பாதுகாப்பு அமைச்சு உட்படப் பல இடங்களின் சம்மதம் வேண்டும், நாள் எடுக்கும். நான் கணக்குப் பார்க்கிற கலை அமைப்புகள் பெரும்பாலும் முதல் வழியில்தான் போயிருக்கின்றன. சட்டத்தரணி ஒருவரையும் கேளுங்கள்.

வரி பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், அரச சார்பற்ற நிறுவனம் ஒன்றுக்கு வரும் நன்கொடையில் 3 வீதத்தை இலாபமாக எடுத்து அதன்மேல் வரி போடுகிற ஏற்பாடு இருக்கிறது. உங்களுடையது அந்த வரையறைக்குள் விழுமா இல்லையா என்பதை வெளிநாட்டுக் காசு வருவதற்கு முன்பே எழுத்தில் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு ஒருவரை வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். வரவு செலவுத் திட்டம் போடும்போது இந்த 15 வீதத்தை விட்டுவிட்டு வருட முடிவில் முழிக்கிற அமைப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று கட்டாயம் உங்கள் குடும்பத்துக்கு வெளியே உள்ளவருடையதாக இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனைக்காரி:
கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் அது ஒரு சில மாத வேலை. அதற்குப் பிறகு வருடக்கணக்காக உங்களை அலைக்கழிக்கப்போவது வேறு கேள்வி, தம்பி: நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள்? இந்த மாதிரியான ஒரு சின்ன நிதியத்தைத்தான் நானும் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வழக்கமான விண்ணப்பப் படிவத்தைப் பாருங்கள். எத்தனை பயிற்சிப்பட்டறை, எத்தனை பேர், எந்தத் திகதியில் கண்காட்சி, எத்தனை போட்டோ. இந்த வகைக் கலையில் உண்மையான வேலை அந்தப் பட்டறைக்கு முன்னாலேயே நடக்கிறது. ஒரு மாடிவீட்டுத் தொகுதிக்குள் புதிதாகப் போகிற பிள்ளை முதலில் அங்கே இருந்து பேச வேண்டும். எந்த வீட்டாரோடு எந்த வீட்டார் கதைப்பதில்லை, தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், லிப்ட் பழுதான நாளில் மேல்மாடிக் கிழவிக்கு யார் சாமான் தூக்கிக்கொண்டு போவது, பொது மண்டபத்துத் திறப்பு யாரிடம், இதெல்லாம் தெரியாமல் தூரிகையை எடுத்தால் அந்தச் சுவர் அடுத்த மழையோடு அழிந்துபோகும், யாரும் கவலைப்படமாட்டார்கள். இப்படிக் கதைத்துக்கொண்டு இருக்கிற மாதங்களுக்கு எந்த டோனரும் காசு கொடுப்பதில்லை, ஏனென்றால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அந்த மாதங்களுக்குக் காசு கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. மற்றதற்கு வேறு யாராவது வருவார்கள், பெயிண்ட் கம்பனி கூட வரும்.

ஒரு உதாரணம். முடுக்கில் இருந்து மாடிக்கு மாற்றப்பட்ட பெண்கள் சிலரோடு ஒரு ஓவியர் வேலை செய்தார், நாங்கள் உதவினோம். பழைய இடத்தைத் துணியில் தைப்பது என்று பேச்சு. ஆரம்பத்தில் எல்லோரும் வீடு தைத்தார்கள், கூரை, கதவு, பூ, பாடப்புத்தகத்துப் படம் மாதிரி. பிறகு ஒரு நாள் ஒரு அம்மா நீல நூலால் பொதுக் குழாயைத் தைத்து அதற்குப் பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டார். என்ன என்று கேட்டால் வாளிகளாம். எந்த வாளி யாருடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார், பச்சை வாளிக்காரி இப்போது வேறு தொகுதியில் இருக்கிறார், கைப்பிடி உடைந்தது இன்னாருடையது. சுற்றி இருந்தவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள், இல்லை, என்னுடையது இரண்டாவது, அவளுடையது பின்னால் என்று. அன்றைக்குத்தான் வேலை தொடங்கியது என்று அந்த ஓவியர் சொன்னார். நாங்கள் மூன்று மாதத் திட்டம் என்று கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த நாள் வருவதற்கு முன்பே கண்காட்சியை முடித்து அறிக்கையும் அனுப்பியிருப்போம்.

வெளிநாட்டில் இதற்கென்றே தொடங்கிய நிதியங்கள் இருக்கின்றன. நியூயோர்க்கில் 2011இல் தொடங்கிய ‘எ பிளேட் ஒவ் கிராஸ்’ கலைஞருக்கு 20,000 டொலர் உதவித்தொகையை அதிகம் நிபந்தனை போடாமல் கொடுத்தது. அதோடு, திட்டத்தில் சேர்ந்த சனத்திடம் போய் உங்களுக்கு இது என்னவாக இருந்தது என்று கேட்டு எழுத ஆளையும் அனுப்பியது. தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அந்த இரண்டாவது விசயத்தை நாங்களும் செய்யலாம், ஒரு ஆளின் போக்குவரத்துச் செலவுதான். ஹூஸ்டனில் 1993இல் ஓவியர் ரிக் லோவும் நண்பர்களும் கைவிடப்பட்ட சின்னச் சின்ன வீடுகளைத் திருத்தத் தொடங்கியது இன்னும் நடக்கிறது, அதில் ஒரு பகுதி படிக்கிற தனித் தாய்மாருக்கான வீடுகள். கொழும்பிலும் புதிது இல்லை. சுனேரா பவுண்டேசன் 2000ஆம் ஆண்டிலிருந்து மாற்றுத்திறனாளிகளோடு நாடக, நடனப் பட்டறைகள் நடத்துகிறது. வாரா வாரம் அதே பிள்ளைகள், அதே இடம். அதன் பலமே அந்த விடாப்பிடிதான் என்பது என் எண்ணம்.

பாக்கியை இரவு எழுதுகிறேன்.

தெமட்டகொடை மாடிவீடு:
நான் கலை ஆள் இல்லை. கொட்டாஞ்சேனைக்காரி அக்கா சொல்கிற மாதிரி மாடியில் இருக்கிற ஆள். எங்கள் தொகுதிக்கு ஒரு குழு வந்தது, பெயர் வேண்டாம். நல்ல பிள்ளைகள்தான், மரியாதையாகக் கதைத்தார்கள். எங்கள் அம்மாவை உட்காரவைத்துப் பழைய வீட்டைப் பற்றி இரண்டு மணித்தியாலம் கேட்டு ரெக்கோர்ட் பண்ணினார்கள். அம்மா அழுதார். அதற்குப் பிறகு அவர்களைக் காணவில்லை. அந்தக் குரல் வசதியானவர்கள் இருக்கிற கொழும்பு ஏழில் ஒரு கண்காட்சியில் ஹெட்போனில் போனதாகப் பக்கத்து வீட்டுப் பெடியன் முகப்புத்தகத்தில் பார்த்துச் சொன்னான். எங்களைக் கூப்பிடவில்லை. அம்மா அன்று வேலைக்குப் போகாமல் இருந்தார், அரை நாள் சம்பளம் போனது. ஓவியருக்குக் காசு, மண்டபத்துக்குக் காசு, போட்டோ எடுத்தவருக்குக் காசு, கதை சொன்ன மனுசிக்கு ஒரு பிளேன்டீ.

நிதியம் தொடங்குகிற தம்பி, இதை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மட்டுநகரான்:
தெமட்டகொடை நண்பர் சொன்னது எல்லா இடத்திலும் நடக்கிறது. அதனால்தான் எனக்கு இந்த ‘நிதியம்’ என்கிற ஏற்பாட்டிலேயே நம்பிக்கை குறைவு. எங்கள் மட்டக்களப்புப் பக்கம் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் நடந்தபோது ஊர்ச்சனமே உட்கார்ந்து கதைத்தார்கள், கூத்தில் பெண் பாத்திரம் ஏன் இப்படி நிற்கிறது, சாதி எங்கே வருகிறது, இதை மாற்றலாமா என்று. மூன்றாவது கண் என்ற கலைக்குழுவும் அதோடு வேலை செய்த சி. ஜெயசங்கரும் அந்த விவாதத்தை ஊருக்குள் வைத்துச் செய்தார்கள், வெளியே இருந்து கொண்டுவந்து இறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றம் 1965இல் இருந்து இத்தனை யுத்தத்துக்குள்ளும் நாடகம் போட்டது. கூத்து ஆடுகிற களரியைக் கட்டுவதும் விளக்கு வைப்பதும் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்குச் சாப்பாடு கொடுப்பதும் ஊரின் கடமை. அந்த ஏற்பாடு இருக்கிற இடத்தில் காசு வந்தால் முதலில் உடைவது அந்தக் கடமைதான். கொழும்பில் அது இல்லை, அதனால் நிதியம் தேவைப்படுகிறது, விளங்குகிறது. ஆனால் கொழும்புக் காசை எடுத்துக்கொண்டு கிழக்குக்கோ மலையகத்துக்கோ வர நினைத்தால் வந்து முதலில் பாருங்கள், கேளுங்கள், பிறகு கொடுங்கள்.

ஊர்சுற்றி:
கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு இல்லாத வீடுகள் இருக்கிற நகரத்தில் நாடகத்துக்கும் தையலுக்கும் ஏன் காசு? அந்தத் தொகைக்கு அரிசியும் கொப்பியும் வாங்கிக் கொடுக்கலாமே. 2022இல் அரசுக்கு எதிரான போராட்டத்தின்போது காலிமுகத்திடலில் கூடாரத்துக்குள் நூலகம் வந்தது, படம் வரைந்தார்கள், பாட்டுப் பாடினார்கள், எந்த நிதியத்துக்கும் காத்திருக்கவில்லை. வரவேண்டிய கலை தானாக வரும்.

தெமட்டகொடை மாடிவீடு:
ஊர்சுற்றி அண்ணா, இதற்கு நான் பதில் சொல்கிறேன். அரிசி கொடுத்தவர்கள் வந்தார்கள், நன்றி. ஆனால் அவர்கள் ஒருவரும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் தவிர. மாடிக்கு வந்த பிறகு எங்கள் தளத்தில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதே இல்லை, முடுக்கில் கதவு திறந்தே இருந்தது, இங்கே எல்லாம் பூட்டு. கீழ்மாடியில் ஒரு தங்கச்சி பெடியன்களைச் சேர்த்து நாடகம் பழக்குகிறாள், சிங்களம் தமிழ் கலந்து. அந்த ஒத்திகை நடக்கிற நாளில்தான் தாய்மார் கீழே இறங்கி ஒன்றாக இருக்கிறார்கள். பிள்ளை எங்கே என்று கேட்க இப்போது ஆள் இருக்கிறது. அவளுக்கு ஒரு சதமும் யாரும் கொடுத்ததில்லை. தானாக வரும் என்று நீங்கள் சொல்வது அவள் டியூசன் காசில் வருகிறது. எனக்குக் கோபம் கலை மேல் இல்லை, வந்து எடுத்துக்கொண்டு போனவர்கள் மேல்.

கொட்டாஞ்சேனைக்காரி:
தெமட்டகொடைச் சகோதரருக்கு நன்றி, நான் எழுத நினைத்ததைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். ஊர்சுற்றி, காலிமுகத்திடலைப் பற்றி ஒன்று. அது தானாக வந்தது உண்மை. அங்கேதான் 2022 மே 18 அன்று கொழும்பின் நடுவில், யுத்தத்தின் இறுதியில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டது, எந்தத் திட்ட அறிக்கையாலும் அதைச் செய்திருக்க முடியாது. ஆனால் ஜூலை 22 விடியப்புறம் இராணுவம் கூடாரங்களை அகற்றிய பிறகு, அங்கே வரைந்தவர்கள், எழுதியவர்கள் பலர் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஓட வேண்டி வந்தது. பொங்கி வருவதற்கு நிதியம் தேவையில்லை. பொங்கியது அடங்கிய பிறகு அதே ஆட்கள் அதே வேலையைத் தொடர்வதற்குத்தான் தேவை.

இன்னொன்றையும் பாருங்கள். ஓவியர் ஜகத் வீரசிங்க, கொல்லப்பட்ட எம்பிலிப்பிட்டிய மாணவர்களின் நினைவாக 1999இல் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவிடம் அமைத்தார். அது இன்று இல்லை. சந்திரகுப்த தேனுவர காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகச் சீதுவ ரத்தொலுவ சந்தியில் 2000ஆம் ஆண்டில் அமைத்தது இன்றும் நிற்கிறது, ஒவ்வொரு ஒக்டோபர் 27ஆம் திகதியும் குடும்பங்கள் அங்கே படங்களோடும் பூக்களோடும் வருகிறார்கள். இரண்டும் நல்ல கலைஞர்கள் செய்தவை. சந்தியில் இருப்பது நிற்பதற்குக் காரணம் அந்தத் தாய்மார் வருடா வருடம் வருவது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு விண்ணப்பம் கையில் வந்ததும் நான் பார்ப்பதும் அதைத்தான், இந்த ஓவியர் போன பிறகு இந்த இடத்துக்கு யார் வருவார்கள்?

இப்போது கேள்விக்கு வருகிறேன். யாருக்குக் கொடுப்பது? படிவத்தை ஆங்கிலத்தில் மட்டும் வைக்காதீர்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதலாம், எழுத வராதவர் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பலாம் என்று வையுங்கள். எங்களுக்கு வந்த நல்ல யோசனைகளில் பல குரலில் வந்தவை. ஆங்கிலத்தில் அழகாக எழுதத் தெரிந்தவர் யார் என்பதை மட்டும் பார்த்துக் கொடுத்தால் காசு கொழும்பு மூன்றுக்கும் ஏழுக்கும் இடையில்தான் சுற்றும். தெரிவுக் குழுவில் கலைஞர் ஒருவர், அந்தப் பகுதியில் குடியிருப்பவர் ஒருவர், இவர்கள் இருவரும் கட்டாயம், இருவருக்கும் படி கொடுக்க வேண்டும். பிறகு நேரில் போய்ப் பாருங்கள். போகும்போது கமெரா வேண்டாம்.

கதை சொல்கிறவர்களுக்கும் தைக்கிறவர்களுக்கும் நடிக்கிற பிள்ளைகளுக்கும் நாட்கூலி என்று ஒரு வரி வரவு செலவுத் திட்டத்தில் இல்லாவிட்டால் நாங்கள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறோம். தெமட்டகொடை அம்மாவுக்குப் போன அரை நாள் சம்பளம் அந்த வரியில் இருக்க வேண்டியது. குரலையோ முகத்தையோ வெளியே காட்டுவதற்கு முன்னால் அவரிடமே போட்டுக் காட்டி அனுமதி எடுக்க வேண்டும், பிறகு மனம் மாறினால் எடுத்துவிட வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், வாயால் சொன்னால் போதாது.

மொழிபெயர்ப்புக்கும் தனியாகக் காசு ஒதுக்குங்கள். மக்கள் களரி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பராக்கிரம நிரியல்லவின் ஜனகரலிய. கூடார அரங்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள், சிங்கள, தமிழ் இளைஞர்கள் ஒன்றாகத் தங்கி இரண்டு மொழியிலும் நடிப்பார்கள். அப்படிச் சேர்ந்து இருக்கிற காலத்துக்கு ஆகிற செலவை யாராவது ஏற்க வேண்டும். ஒரு நாள் பட்டறையில் அது வராது.

கணக்குப்பிள்ளை:
நாட்கூலி விசயத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு. ஆட்டோக்காரரும் மரக்கறிக் கடைக்காரரும் பில் தரமாட்டார்கள், கணக்காய்வாளர் பில் கேட்பார். அதனால் உங்கள் பெயர் அச்சடித்த வவுச்சர் புத்தகம் ஒன்று வைத்திருங்கள். திகதி, தொகை, எதற்காக, வாங்கியவர் பெயர், கையெழுத்து, இவை போதும். எவ்வளவு தொகை வரை இப்படிக் கொடுக்கலாம் என்று பணிப்பாளர் சபையில் தீர்மானம் எழுதிவையுங்கள், பிறகு எந்தக் கணக்காய்வாளரும் கேள்வி கேட்கமாட்டார். சனம் தலைகுனிந்து கையெழுத்துப் போடுகிற மாதிரி வரிசையில் நிறுத்தாமல், வீட்டுக்குப் போய்க் கொடுங்கள்.

டொலரில் வாக்கு வாங்கி ரூபாவில் கொடுப்பதாக இருந்தால் விலை ஏறினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. ரூபாவில் தொகையை வாங்கிக் கையில் வைத்திருந்த கலைஞர்களுக்கு அதே காசில் பாதிப் பெயிண்ட்தான் கிடைத்தது. அப்புறம் 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி ஒரே நாளில் நிறுத்தப்பட்டதைப் பார்த்தோம். ஒரே கொடையாளரை நம்பியிருந்த அமைப்புகள் அந்த மாதச் சம்பளத்துக்கே திண்டாடின. வருகிற காசில் ஆறு மாதச் செலவை ஒதுக்காமல் முதல் உதவித்தொகையை அறிவிக்காதீர்கள்.

மட்டுநகரான்:
ஒன்று விட்டுப்போனது. சட்டச் செலவு. மேடை நாடகப் பிரதியை இங்கே இன்னும் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் பார்வைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜசீம் தமிழில் எழுதிய கவிதைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2020 மேயில் கைதானார், 2021 டிசெம்பரில்தான் பிணை கிடைத்தது, 2023 டிசெம்பரில் நீதிமன்றம் விடுவித்தது. ஒரு இளைஞனின் வாழ்க்கையில் மூன்றரை வருடம். கொழும்பில் இருந்து காசு கொடுக்கிறவர்கள், வடக்கு கிழக்கில் வீட்டுக்கு விசாரணைக்கு ஆள் வரும்போது போனை எடுப்பார்களா என்பதுதான் எங்கள் பக்கத்துக் கலைஞர்கள் முதலில் கேட்பது. ஒரு சட்டத்தரணிக்கு முற்பணம் கொடுத்து வைத்திருங்கள்.

வெள்ளவத்தைப் பெடியன்:
எல்லோருக்கும் மிகவும் நன்றி. மூன்று பேரும் நேற்று இரவு இருந்து எல்லாவற்றையும் வாசித்தோம். சித்தப்பாவோடும் கதைத்தேன். ஆறு மாதச் செலவை ஒதுக்குவதற்குச் சம்மதித்துவிட்டார். ஆனால் முதல் வருடத்தில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது என்பதைத்தான் அவருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. அவருடைய நண்பர்கள் படம் கேட்பார்களாம். என்ன செய்யலாம், அக்கா?

கொட்டாஞ்சேனைக்காரி:
படத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள், தம்பி. யார் எங்கே போனார், யாரோடு கதைத்தார், எது சரிவரவில்லை, அடுத்து என்ன. சனத்தின் பெயரை மாற்றி எழுதுங்கள். கொடையாளர்கள் இதை வாசிக்கிறார்கள். எங்களுக்குக் கொடுக்கிற ஒருவர் வாளிகளைப் பற்றி எழுதிய கடிதத்தைத் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாராம், அந்த அம்மா தான் வளர்ந்த கொட்டாஞ்சேனை முடுக்கைப் பற்றி நான்கு பக்கம் எழுதி அனுப்பினார். அடுத்த வருடம் தொகையையும் கூட்டினார்கள். சித்தப்பா இங்கே வருகிறபோது ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள், பொன்னாடையும் மேடையும் இல்லாமல், ஒத்திகை நடக்கிற இடத்தில் ஒரு கதிரை போட்டு இருக்கவிடுங்கள்.

தெமட்டகொடைச் சகோதரரே, அந்த நாடகம் பழக்குகிற தங்கச்சியிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு விருப்பம் என்றால் எனக்குத் தனிச்செய்தியில் எழுதச் சொல்லுங்கள், குரல் பதிவு என்றாலும் சரி.

தெமட்டகொடை மாடிவீடு:
கேட்கிறேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை இருக்கிறது, வெள்ளவத்தைத் தம்பிக்கும் நேரம் இருந்தால் வரட்டும். லிப்ட் வேலை செய்யாது, ஆனால் கீழ்மாடிதான்.